ஜாஸ் பாட்டுக்கு ஒரு தலைக்கட்டு

என் தங்கை மகள் ஜாஸ் பாடுகிறவள். ஜாஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு விளக்கம் வைத்திருக்கிறேன்: நன்றாகப் பாடத் தெரிந்தவர், தெரிந்த பாட்டைத் தெரியாதவர்போலப் பாடுவது. அவள் அப்பா, மகளின் முதல் கச்சேரியைப் பெங்களூரு வரை போய்க் கேட்டுவிட்டு வந்து, "தொண்டை சரியில்லன்னா மிளகுப் பால் குடிச்சிருக்கலாம்ல" என்றார். எங்கள் குடும்பத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது. அதற்குப் பிறகு விமர்சனங்கள் இன்னும் மோசமாயின; அவள் பாட்டு இன்னும் நன்றாயிற்று.

நான் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒருவர் நிலத்தை இன்னொருவருக்கு எழுதிக் கொடுப்பதை மேற்பார்வை பார்த்தே என் காலம் போயிற்று. அதில் கற்றது இவ்வளவுதான்: எந்தக் காரியத்துக்கும் ஒரு மனு உண்டு, மனுவுக்கு ஒரு மேசை உண்டு, மேசைக்கு ஒரு சாப்பாட்டு இடைவேளை உண்டு. இந்த மூன்றையும் அறிந்தவரை உலகம் எளிதில் ஏமாற்ற முடியாது. வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், குடும்ப அட்டையில் மாமியாரை நீக்குவது என்று எதற்கும் சொந்தக்காரர்கள் பசுமலையில் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். பாட்டுக்காக ஒருத்தி வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"பெரியம்மா, ஒரு ஆல்பம் போடுறேன். எல்லாமே பொம்பளைங்க. அக்ரிமென்ட் நீங்கதான் எழுதணும்" என்றாள்.

திட்டத்தைச் சொன்னாள். ஒவ்வொரு பாட்டிலும் அவளோடு மதுரைப் பெண் ஒருத்தி சேர்ந்து பாடுவாள். பசுமலைத் தேவாலயப் பாடகர் குழுவில் நெடுங்காலம் கீழ்க்குரல் பாடிய ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஏற்கெனவே பாடி முடித்திருந்தார். செல்லூரில் விசைத்தறி ஓட்டும் பெண் ஒருத்தி, தறி ஓடுகிற சத்தத்துக்குள்ளேயே பாடியிருந்தாள். பியானோ வாசிக்க நார்வேயிலிருந்து ஒரு தோழி வந்திருந்தார். என் வீட்டு முன்னறையில் தங்கி, என் வெண்பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு மதியம் வரை தூங்கினார். வருகிற வருமானம் கணவன் விட்டுப்போன பெண்களுக்கு வழக்கு நடத்தவும், ஓட்டுநர் உரிமம் எடுத்துக் கொடுக்கவும் போகும். உறை செல்லூர்க் கைத்தறித் துணியில். பிளாஸ்டிக் கிடையாது. பாடியவர் எல்லாருக்கும் சமமான உரிமை, சமமான எழுத்தளவில் பெயர்.

"இதெல்லாம் அறம் சார்ந்த தயாரிப்பு, பெரியம்மா" என்றாள்.

எனக்குத் தெரிந்த அறம் ஒன்றுதான்: கையெழுத்துப் போடுமுன் படித்துப் பார்க்க விடுவது. அதைச் சொன்னேன். அப்படியே ஒப்பந்தத்தின் முதல் பத்தியாக எழுதச் சொல்லிவிட்டாள்.

ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு மட்டும் ஆள் கிடைக்காமல் இருந்தது. அந்த ஆளை நாங்கள் தேடவில்லை. அவர் வண்டியில் நாங்கள் ஏறினோம். பசுமலையிலிருந்து திருப்பரங்குன்றத்துக்குக் காய் வாங்கப் போன ஒரு காலையில், ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து என் தங்கை மகள் ஏதோ முனகிக்கொண்டு வந்தாள். வண்டியை ஓட்டியவர் நாற்பதைத் தொட்ட பெண். காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டிருந்தார். கண்ணாடி வழியாகப் பார்த்துச் சொன்னார்:

"என்னத்தா, பாட்டு நொண்டுது?"

"வேணும்னே நொண்டுறதுதான்க்கா அது."

"நல்லாத்தான் இருக்கு. எங்க கும்மியில ஒரு பாட்டு இப்பிடித்தான் ஒரு கால இழுத்துக்கிட்டே போகும். ஆனா நாங்க இருபது முப்பது பொம்பளைக சேந்து நொண்டுவோம். நீ ஒத்தையில நொண்டுற, பாவம்."

என் தங்கை மகள் காய்க்கடைக்கு இறங்கவில்லை. நான் மட்டும் இறங்கி, கத்தரிக்காய் வாங்கித் திரும்பும் வரை, இருவரும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். மற்ற பயணிகள் திட்டிவிட்டு வேறு வண்டிக்குப் போயிருந்தார்கள்.

இனி அவரை ஓட்டுநர் என்றே எழுதுகிறேன். திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே, கண்மாய்க் கரையை ஒட்டிய ஊர் அவருடையது. அங்கே ஆடியில் அம்மனுக்கு முளைப்பாரித் திருவிழா. வீட்டுக்கு வீடு இருட்டு அறையில் மண்பானை ஓடு நிறைய மண்ணும் எருவும் போட்டுப் பயறு விதைத்து வளர்ப்பார்கள். அந்த நாட்களில் சாயங்காலம்தோறும் கோயில் முன்னால் பெண்கள் வட்டமாக நின்று கும்மியடிப்பார்கள். தலைப்பாட்டு, அதாவது முதல் அடியை எடுத்துக் கொடுப்பது, எங்கள் ஓட்டுநர்தான். ஆனால் அவர் வீட்டில் மட்டும் முளைப்பாரி கிடையாது.

காரணம், தலைக்கட்டு வரி. திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு ஒரு வரி வசூலிப்பார்கள். குடும்பத் தலைவர்தான் தலைக்கட்டு. கல்யாணமான ஆண் மட்டுமே தலைக்கட்டாக முடியும். வரி கட்டிய தலைக்கட்டு வீட்டுக்குத்தான் விதைப்பயறு. ஓட்டுநரின் கணவர், மகள் பால்வாடிக்குப் போகிற வயதில் இருந்தபோது, திருப்பூருக்குப் போனார். அங்கே இன்னொரு குடும்பம் ஆகிவிட்டது. மகள் இப்போது பிளஸ் டூ. கணவர் போன பிறகும் சில வருடம் ஓட்டுநர்தான் வரி கட்டினார். ஆனால் வரி கட்டியவர் என்று ஒலிபெருக்கியில் திருப்பூர்க்காரர் பெயரைத்தான் வாசித்தார்கள்.

"ஓடிப்போனவனுக்கு ஊரே கேக்க மரியாதை. வண்டி ஓட்டுறவ நானு" என்றார் ஓட்டுநர். "என் பேர்ல வாங்குங்கன்னேன். மொறை இல்லேன்னாங்க. அப்ப எனக்கும் கட்டுற மொறை இல்லேன்னு விட்டுட்டேன். வருசா வருசம் கேப்பேன். வருசா வருசம் இல்லேம்பாங்க."

"பாட மட்டும் கூப்பிடுவார்களா?"

"அதுக்கு எந்தத் தலைக்கட்டும் வேணாமாம் மேடம். தொண்டை இருந்தாப் போதுமாம்."

ஒப்பந்தத்தில் அவருக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது. உறையில் அவர் பெயர் மட்டும் வரவேண்டும். முன்னால் எந்த ஆணின் முதலெழுத்தும் வரக்கூடாது. எழுதிக் கொடுத்தேன்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. முளைப்பாரிப் பாட்டைச் சும்மா பாடக்கூடாதாம். ஓட்டில் பயறு முளைத்துக்கொண்டிருக்கிற அந்த நாட்களில்தான் பாடலாம். கூடப் பாடும் பெண்கள் நகரத்து ஸ்டூடியோவில் நின்றும் பாட மாட்டார்கள். வட்டம் போட்டுச் சுற்ற இடம் வேண்டும். ஊரில் சமுதாயக்கூடம் இருக்கிறது, விசாலமானது. ஆனால் அது கோயிலுக்குப் பக்கத்துச் சுவர். கோயில் வேப்ப மரத்தில் நான்கு திசைக்கும் நான்கு குழாய் ஒலிபெருக்கி. காப்புக் கட்டிய நாளிலிருந்து அவை விடியலில் திறந்தால் இரவு வரை மூடுவதில்லை. பாடக்கூடிய வாரம் ஒன்று. அந்த வாரத்தில்தான் ஊசி விழும் சத்தம் என்ன, உலக்கை விழும் சத்தமே கேட்காது. திருவிழா முடிந்த மறுநாள் பியானோ வாசிக்கிறவருக்கு விமானம்.

"மூணு மணி நேரம் அமைதி வேணும் பெரியம்மா. உங்களால முடியும்."

முடியும் என்றுதான் நானும் நினைத்தேன். ஒலிபெருக்கிக்கு விதி இருக்கிறது, அளவு இருக்கிறது, அனுமதி தரும் அதிகாரி இருக்கிறார். மனு எழுதி, உரிய பிரிவுகளைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் மரியாதையாக எழுந்து நின்று வாங்கி, முழுக்கப் படித்து, "ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க மேடம்" என்று பாராட்டிவிட்டு, "கமிட்டியில ஒரு வார்த்தை பேசிக்கங்க" என்று அதே மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார். அரசுப் பணியில் இதைவிட நேர்த்தியாக ஒரு மனு மறுக்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

திருவிழாக் கமிட்டித் தலைவர் செங்கல், ஜல்லி வியாபாரம் செய்பவர். கடையில் போய்ப் பார்த்தேன். டீ வரவழைத்தார்.

"உங்களை மதிக்கிறோம் மேடம். எங்க பத்திரமெல்லாம் உங்க கைபட்டதுதான். ஆனா மரியாதை வேற, மொறை வேற. ஊர்க்கூட்டத்துல ஒரு விசயத்த எடுக்கணும்னா உள்ளூர்த் தலைக்கட்டு ஒருத்தர் கேக்கணும்."

"பாடப்போகிறவர் உள்ளூர்தானே. அவர் கேட்கட்டும்."

"தலைக்கட்டு அவுக வீட்டுக்காரர்ல. ஒண்ணு செய்யலாம். மாப்ள பேரு இன்னும் நம்மகிட்டத்தான் இருக்கு. அவர் கேட்ட மாதிரி எழுதி, அவருக்காகன்னு போட்டு அந்தப் பொண்ணு கையெழுத்துப் போடட்டும். நாங்க எடுத்துக்கிறோம்."

எனக்கு இது சுத்தமான ஏற்பாடாகப் பட்டது. ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்திடுவதைப் பார்த்துப் பழகிய கண். அன்று மாலையே ஓட்டுநரிடம் சொன்னேன். வண்டியை ஓரங்கட்டி, இஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பின்னால் இருந்த பூக்காரம்மா, "ஏன் நிப்பாட்டுன, பூ வாடுதுல்ல" என்றார்.

"கொஞ்சம் வாடட்டும்த்தா" என்றார் ஓட்டுநர். பிறகு என்னிடம்: "மேடம், அவன் பேர்ல நான் மூச்சுக்கூட விட மாட்டேன். உங்க பாட்டுக்கு வாரேன்னு சொல்லிட்டேன், வருவேன். கொட்டுச் சத்தம் கேட்டாலும் சரி, கொழா ரேடியோ கேட்டாலும் சரி. ஆனா இந்தக் காயிதத்துல கையெழுத்துப் போட மாட்டேன்."

"மூன்று மணி நேரத்துக்கு மட்டும்தானே."

"உங்களுக்கு மூணு மணி நேரம். எனக்கு அம்புட்டு வருசமும் தோத்த மாதிரி ஆயிரும்."

பூக்காரம்மா, "அவ சொல்றதும் ஞாயந்தான். ஆனா வண்டிய எடு" என்றார்.

நானும் யோசித்தேன். யோசிக்க யோசிக்க எனக்கு எரிச்சல் அந்தக் கணவர் மேல் அல்ல, கமிட்டியின் மேல்தான் வந்தது. வராத ஆளைத் தலைக்கட்டு என்று வைத்துக்கொண்டிருப்பது எந்தப் பதிவேட்டிலும் செல்லாது. ஊர்க்கூட்டத்துக்குப் பார்வையாளராக வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

கூட்டம் கோயில் முன்னால். எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். பெண்கள் எதிர்ச்சுவர் ஓரமாக நின்றார்கள். ஓட்டுநர் தன் ஆட்டோவில் சாய்ந்து நின்றார். தலைவருக்குப் பக்கத்தில் பொருளாளர். அவர் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகை மதிப்பீட்டாளர். மனிதர்களையும் உரசிப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார்.

"பார்வையாளர் ஒரு சந்தேகம் கேட்கலாமா?" என்றேன். "ஒரே ஆள் இரண்டு ஊரில் தலைக்கட்டாக இருக்கலாமா?"

"அதெப்பிடி? ஒரு ஆளுக்கு ஒரு ஊர்தான்" என்றார் பொருளாளர்.

"இவர் வீட்டுக்காரர் அங்கே எந்தக் கோயிலுக்கு வரி கட்டுகிறார்?"

யாருக்கும் தெரியவில்லை. தலைவர் தயங்கினார். மைக்செட் வைத்திருப்பவர், மரத்தடியில் வயரை முறுக்கிக்கொண்டிருந்தவர், "போனைப் போட்டுக் கேட்டா முடிஞ்சுபோச்சு" என்றார். அவருக்குக் கணவர் கூடப்படித்த சிநேகிதர். போட்டார். சும்மா போடவில்லை, பழக்கதோஷத்தில் போனை மைக்குக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். நான்கு குழாயிலும் மணி அடித்தது.

"மாப்ள, எப்பிடி இருக்க? ஒரு விசயம். நீ தலைக்கட்டு வரி எங்கிட்டுக் கட்டுற, இங்கிட்டா அங்கிட்டா?"

திருப்பூரிலிருந்து குரல் கண்மாய்க் கரை முழுக்கக் கேட்டது. "எந்த வரிடா? நான் இங்கதான் கட்டுறேன். இந்த வருசம் கமிட்டியில வேற போட்டுட்டாங்க. அங்க பழைய பாக்கி கீக்கி கேக்குறாங்களா? என் பேர எடுத்துரச் சொல்லு மாப்ள. எனக்கும் அந்த ஊருக்கும் ஒண்ணுமில்ல."

போன் வைக்கப்பட்டது. சுவரோரத்தில் ஒரு பெண், "மைக்குல சொல்லிட்டான், இனி கோர்ட்டு எதுக்கு" என்றார். சிரித்தார்கள். ஓட்டுநர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஆக, அந்தப் பெயர் நீங்கிவிட்டது" என்றேன். "வீடு இருக்கிறது. அடுப்பு எரிகிறது. தலைக்கட்டு யார்?"

பொருளாளர் மெல்ல, "இன்னொரு வரி வந்தா நல்லதுதான். இந்த மாதிரி வீடுக ஊருக்குள்ள இன்னும் இருக்கு" என்றார். சமத்துவத்துக்கு நம் ஊர்களில் எத்தனையோ தடை உண்டு, வசூலுக்குக் கிடையாது. ஆனால் தலைவர் ஒரு கையை உயர்த்தினார்.

"இது பெரிய விசயம். இருக்கிற மொறைய நாமளா மாத்த முடியாது. அம்மன் முன்னால பூக்கட்டிப் பாப்போம். செவப்பு வந்தா சேப்போம். வெள்ளை வந்தா வேணாம்."

ஓட்டுநர் ஆட்டோவிலிருந்து நிமிர்ந்தார். "அண்ணே, எங்க வீட்டுக்காரனைச் சேக்கும்போது பூக்கட்டிப் பாத்தீகளா?"

"அது... கல்யாணம் ஆனா தானா சேந்துருவாங்க."

"கல்யாணம் எனக்குந்தானண்ணே ஆச்சு. அவனுக்கு மட்டுமா ஆச்சு?"

பதில் இல்லாத தலைவர்கள் செய்வதையே இவரும் செய்தார்: வேறொரு கேள்விக்குத் தாராளமாகப் பதில் சொன்னார். "மேடம் கேட்ட கொழா ரேடியோ விசயத்த, நானே ஒரு தலைக்கட்டா இருந்து கேக்குறேன். சனிக்கிழமை மத்தியானம் மூணு மணி நேரம் நிப்பாட்டிக்கிருவோம். எல்லாருக்கும் சம்மதமா? சம்மதம். மத்தத அப்பறம் பாப்போம்."

கூட்டம் கலைந்தது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஓட்டுநர் கேட்டது கிடைக்கவில்லை. என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். வழக்கமாக என்னிடம் கட்டணம் வாங்க மாட்டார். அன்று கையை நீட்டி வாங்கிக்கொண்டார். "உங்க காரியம் முடிஞ்சிருச்சுல்ல மேடம், நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் சாயங்காலம் அவர் கும்மிக்குப் போகவில்லை. சண்டை இல்லை, சத்தம் இல்லை. கூப்பிட வந்தவரிடம், "தலைக்கட்டு இல்லாத வீட்ல தலைப்பாட்டு எதுக்கு" என்று சொல்லிவிட்டு, பெரியார் பேருந்து நிலையத்துக்குச் சவாரி அடித்தார். வேறொரு பெண் அடி எடுத்துக் கொடுத்துப் பார்த்தாராம். முதல் சுற்றிலேயே பாதிப் பேர் முன்னாலும் பாதிப் பேர் பின்னாலும் போய், ஒருவர் கைக்கு ஒருவர் கை படாமல், கும்மி கலைந்ததாம். அதற்கடுத்த இரண்டு நாளும் பெண்கள் கும்மிக்கே வரவில்லை. கால்வலி என்றார்கள். ஊர் முழுக்க ஒரே சமயத்தில் கால்வலி. ஒலிபெருக்கிப் பாட்டு இருக்கிறதே என்று ஆண்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை எனக்கு உள்ளூரப் பயம். சொன்ன சொல்லுக்கு ஓட்டுநர் வருவார், மற்றவர்கள் வருவார்களா? சமுதாயக்கூடத்தில் என் தங்கை மகள் மைக்குகளை நிறுத்தினாள். பியானோ தோழி தன் மின்பியானோவைச் சாப்பாட்டு மேசை மேல் வைத்து இணைத்தார். மின்விசிறிச் சத்தம் கூடாதென்று அணைத்துவிட்டோம். ஆடிக் காற்றும் அன்றைக்கு விடுப்பு. வியர்த்து உட்கார்ந்திருந்தபோது வாசலில் செருப்புகள் கழலும் சத்தம் கேட்டது. கால்வலிக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். இரண்டு நாள் பாடாத தொண்டையோடு வந்திருந்தார்கள்.

"ஏ, வெளிநாட்டுப் பொண்ணு வேர்த்துச் செவந்துபோச்சு, பாவம்" என்றார் ஒருவர்.

"மொளகா மாதிரி இருக்கு. ஒரு சொம்பு தண்ணி குடுங்கடி" என்றார் இன்னொருவர்.

சொன்ன நேரத்துக்கு ஒலிபெருக்கி நின்றது. அந்த ஊருக்கு நான் எத்தனை தடவை போயிருக்கிறேன், கண்மாயில் கொக்கு கத்துவது அன்றுதான் கேட்டது.

ஓட்டுநர் முதல் அடியை எடுத்தார். மழை ஏன் மலையோடு நின்றுவிட்டது, கண்மாய்ப் பக்கம் வர என்ன தடை என்று அம்மனைக் கேள்வி கேட்கிற பாட்டு. என் துறையில் இதற்கு விளக்கம் கோரும் குறிப்பாணை என்று பெயர். பெண்கள் வாங்கித் திருப்பிப் பாடினார்கள். கைகள் ஒன்றாக விழுந்தன. அந்த இழுத்துப் போகும் இடத்தில் பியானோ மெல்ல உள்ளே வந்தது. என் தங்கை மகளின் குரல், சொல் எதுவும் இல்லாமல், வட்டத்துக்கு வெளியே நின்று பதில் சொன்னது. எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது. ஆனால் என் கால் கட்டைவிரல் தானாகத் தாளம் போட்டதைப் பதிவு செய்ய வேண்டியது என் கடமை.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஊர் நின்றுவிட்டிருந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரோடு வேப்ப மரத்தடிக்கு வந்திருந்தார்கள். தலைவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடத்துச் சுவரைப் பார்த்து நின்றார். பொருளாளர் கண்ணை மூடியிருந்தார். இத்தனை வருடம் குழாய்ச் சத்தத்துக்கு நடுவில் பாதி கேட்டும் பாதி கேட்காமலும் இருந்த கும்மியை அன்றுதான் அவர்கள் முழுசாகக் கேட்டிருப்பார்கள். தலைவர் பொருளாளரிடம் ஏதோ சொன்னார். பொருளாளர் தலையாட்டினார். தலைவர் மைக்செட்காரரைப் பார்த்துக் கையை அசைத்தார்.

நான் எழுந்து தடுப்பதற்குள் மரத்தில் குழாய்கள் கரகரத்தன.

"ஊர்ப் பொதுமக்களின் கவனத்திற்கு. இந்த வருசம் நமது ஊரில் புதிய தலைக்கட்டாகச் சேர்ந்திருப்பவர்..." அந்த இடத்தில் வழக்கமாக இன்னார் மகன் என்று வரும். மைக்செட்காரர் அங்கே வந்து தடுமாறி, ஒரு மூச்சு நிறுத்தி, ஓட்டுநரின் பெயரை மட்டும் சொன்னார். முன்னாலும் பின்னாலும் எதுவும் இல்லாமல் தனியாக அந்தப் பெயர் நான்கு திசைக்கும் போனது. பிறகு தொடர்ந்தார்: "...வடக்குத் தெரு. அன்னார் தமது வரியை உடனடியாகச் செலுத்திக் கமிட்டிக்கு ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

ஓட்டுநர் தட்டுவதற்கு உயர்த்திய கையோடு நின்றுவிட்டார். அடுத்த அடி அவருடையது, அது வரவில்லை. பின்னால் வந்தவர் அவர் முதுகில் முட்டினார், அவர் மேல் அடுத்தவர். ஆனால் கைதட்டல் நிற்கவில்லை. என் தங்கை மகள் விட்டுப்போன அடியைத் தான் எடுத்துக்கொண்டு, சொற்கள் தெரியாததால் வாய்க்கு வந்த ஒலிகளைப் போட்டு நிரப்பினாள். பியானோ அவள் பின்னால் ஓடியது. இரண்டு சுற்று அப்படியே போனது. மூன்றாவது சுற்றில் ஓட்டுநர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். தேவைக்கு மேல் உரக்க வந்தார். ஒலிப்பதிவுக் கருவியில் அளவு மீறியதென்று சிவப்பு விளக்கு எரிந்தது. யாரும் கவலைப்படவில்லை.

பாட்டு முடிந்ததும் தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "மன்னிக்கணும் மேடம். நேரம் முடியலதான். மைக்செட் மாப்ள அவசரப்பட்டுட்டான்."

"நீங்கதாண்ணே போடுன்னீக" என்றார் வாசலிலிருந்து மைக்செட்காரர்.

"சரி, போட்டது போட்டாச்சு." ஓட்டுநர் பக்கம் திரும்பினார். "சாயங்காலம் கும்மிக்கு வந்துருத்தா. ரெண்டு நாளா கோயிலு வெறிச்சோடிக் கெடக்கு."

"வரி கட்டிட்டு வாரேன்ணே. ரசீத என் பேர்ல எழுதச் சொல்லுங்க. பூவெல்லாம் கட்டிப் பாக்க வேணாம்ல?"

"அம்மன் காதுலயும் விழுந்திருக்கும்" என்றார் தலைவர். ஒரு கமிட்டித் தலைவர் தன் முடிவுக்கு இவ்வளவு சுருக்கமாகக் காரணம் சொல்லி நான் கேட்டதில்லை.

பியானோ தோழி, நடுவில் கேட்ட அந்தக் கம்பீரமான குரல் என்ன பாடியது என்று என்னிடம் விசாரித்தார். வரி கேட்டு அறிவிப்பு என்றேன். என்னை நம்பவில்லை. அதை நீக்கிவிட்டு இன்னொரு முறை பாடலாமா என்று என் தங்கை மகள் ஓட்டுநரிடம் கேட்டாள்.

"அத எடுத்தா நான் பாடுனதையும் எடுத்துரு கண்ணு" என்றார் ஓட்டுநர்.

அதனால் ஆல்பத்தில் அந்தப் பாட்டு அப்படியே இருக்கிறது. நடுவில் வரி அறிவிப்போடு. சமமான உரிமை, சமமான எழுத்தளவு என்று ஒப்பந்தம் சொல்கிறது. குரல் கொடுத்தவர் மைக்செட்காரர். எனவே அவரிடமும் கையெழுத்து வாங்கினேன். பெண்களுக்கான ஆல்பத்தில் பெயர் வந்த ஒரே ஆண் அவர். தன் தொழில் அட்டையில் இப்போது ஜாஸ் கலைஞர் என்று அச்சடித்திருக்கிறார். நான் ஆட்சேபிக்கவில்லை, ஆவணப்படி அது உண்மை. என் தங்கை கணவர் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, "இந்த அறிவிப்பு வர்ற இடம் நல்லாருக்கு" என்றார். குடும்பத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

ஆல்பத்தில் வந்த வருமானம் சொன்ன வழியில்தான் போகிறது. திருப்பரங்குன்றம் சாலையில் காக்கிச் சட்டையோடு இன்னும் சில பெண்கள் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பது நம் ஓட்டுநர். பிரேக்கை விட வாயைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார் என்று புகார்.

அந்த வருடம் அவருக்கு விதைப்பயறு கிடைக்கவில்லை. விதைப்பு முடிந்துவிட்டது, முறை முறைதான் என்றார் பொருளாளர். இதில் நான் அவர் பக்கம். இந்த ஆடியில்தான் கிடைத்தது. அவர் வீட்டுப் பின்னறையில் இருட்டில் வைத்து வளர்த்தார். சவாரி நெரிசலில் தண்ணீர் ஊற்ற மறந்த நாட்களும் உண்டு போலிருக்கிறது. திருவிழா அன்று போயிருந்தேன். மற்றவர்கள் முளைப்பாரி முழங்கால் உயரம், நெருக்கமாக, தலை சாய்ந்து நின்றது. அவருடையது ஒரு சாண். நடுவில் கொஞ்சம் வழுக்கை.

"ஏத்தா தலைக்கட்டு, இது மொளப்பாரியா, கீரைப் பாத்தியா?" என்றார் போன வருடம் கால்வலி வந்தவர்களில் ஒருவர்.

"மகளுக்குப் பரீட்ச, எனக்கு லோன் வண்டி. அது அதுபாட்டுக்கு வளரட்டும்னு விட்டுட்டேன்."

"ஊரே பாக்குதுல்ல."

"பாக்கட்டும்" என்றார் ஓட்டுநர். முளைப்பாரி ஓட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, வரிசையில் பின்னால் போகச் சொன்னவர்களைக் கேட்காமல், முன்னால் போய் நின்றார்.